சேதி சொல்லாத வீடு

மாசி மாதத்துப் பனி ஏரிக்கரையை விட்டு இன்னும் எழும்பவில்லை. அந்தோணிசாமி வேனின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் ஒருமுறையும் காய்ந்த துணியால் ஒருமுறையும் துடைத்து முடித்திருந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் காக்கிச் சட்டையைத் தேய்க்காமல் போட்டதில்லை. காலனியில் அவர் நடந்து வந்தால் முதுகை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு நிமிர்வு.

பாகூருக்கு அடுத்த அந்தச் சிற்றூரில் ஊர்த்தெரு ஏரியை ஒட்டியும், காலனி வாய்க்காலுக்கு அப்பாலும் இருக்கின்றன. அன்றைக்கு வேன் போக வேண்டியது ஊர்த்தெருவுக்கு. பெரிய வீட்டுக்காரர்கள் செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகிறார்கள். கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்லப் போகிறவள் அந்தோணிசாமியின் மகள் ரோஸ்லின்.

ரோஸ்லின் வரலாறு படித்தவள். பாண்டிச்சேரியில் ஒரு டிராவல்ஸில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அப்பாவின் வேனை வைத்துச் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறாள். இதுதான் முதல் பயணம். பெரிய வீட்டு மருமகள் விஜயகுமாரி கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவள். அவள்தான் பேசி ஏற்பாடு செய்திருந்தாள். அவளுடைய மாமனார் குழந்தைவேல் கோயில் கமிட்டித் தலைவர். இந்தப் பயணம் அவருக்குப் பிடித்துவிட்டால் கமிட்டி போகிற யாத்திரைகளெல்லாம் இந்த வேனுக்கு வரும். வேன் ஓடினால்தான் வீடு ஓடும்.

அந்தோணிசாமியின் மனைவி செல்வகுமாரி தூக்குவாளியில் தக்காளிச் சோறும் முட்டையும் கட்டிக்கொண்டுவந்து டிரைவர் இருக்கையின் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாங்க, இன்னிக்கு ஒரு நாளு கொஞ்சம் வளைஞ்சி குடுத்துப் போங்க. அவுங்க ஒண்ணு சொன்னா காதுல வாங்காத மாதிரி இருங்க."

"நான் ஸ்டேரிங்கப் பாப்பேன், ரோட்டப் பாப்பேன். எனக்கு இன்னா பேச்சு?"

"அந்தக் கெழவி மணியம்மா வாய் சும்மா இருக்காது. பொண்ணு மொதமொதல்ல எறங்குறா."

"வேல செய்யப் போறா. வேலைக்காரியா போவலை. அத மட்டும் நான் பாத்துக்குறேன்."

செல்வகுமாரி மகளைப் பார்த்தாள். ரோஸ்லின் மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "நைனாவ விடும்மா. அவுரு வளைஞ்சா ஒடிஞ்சிடுவாரு."

அந்த வீட்டின் நிமிர்வுக்கு ஒரு காரணம் உண்டு. ஊர்த்தெருவில் யாராவது இறந்தால் உறவுக்காரர்களின் ஊர்களுக்குப் போய்ச் சாவுச் சேதி சொல்கிற வேலை அந்தோணிசாமியின் அப்பா சூசைநாதனுடையது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலானாலும் மழையானாலும் நடக்க வேண்டும். போன ஊரில் வாசலுக்கு எதிரே தெருவில் நின்றபடி, இன்னார் தவறிவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். குவித்த கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏந்திய துண்டிலே கொஞ்சம் நெல் போடுவார்கள். மாட்டேன் என்று சொல்ல அந்த வேலையில் இடமில்லை.

ஓர் ஐப்பசியில் பெரிய வீட்டில் ஒரு சாவு. சூசைநாதன் மடுகரை, கரையாம்புத்தூர் என்று மழையில் நடந்துகொண்டிருந்தபோது, அதே பெரிய வீட்டுக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வேலம்மாளைப் பாம்பு தீண்டியது. அவர் திரும்பி வந்தபோது கல்லறையில் மண் மூடியிருந்தது. எல்லா ஊருக்கும் சாவு சொன்ன மனிதனுக்கு அவன் பெண்சாதியின் சாவைச் சொல்ல ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆள் கிளம்பவில்லை. சூசைநாதன் இடுப்புத் துண்டை அவிழ்த்து அந்த மண்மேட்டின் மேல் போட்டார். இனி இந்த வீட்டு வாயிலிருந்து அடுத்தவன் வீட்டுச் சாவு வராது என்றார். அந்த வருடம் பெரிய வீட்டு அறுப்புக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் பசித்துக் கிடந்தார்கள். சொன்ன சொல் மாறவில்லை. சிறுவனாக அந்த மண்மேட்டருகே நின்றிருந்த அந்தோணிசாமி அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டார்.

ஊர்த்தெருவில் வேன் நின்றதும் பெரிய பாத்திரங்களில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஏறின. மசால்வடைக் கூடை ஏறியது. குழந்தைவேல் வெள்ளை வேட்டியும் மடித்த துண்டுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மனைவி ஆண்டாள் இறந்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. மருமகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்வார். அவருடைய அக்கா மணியம்மாள் ஏறும்போதே வேனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டி உன்துதானாடா அந்தோணி?"

"ஆமாங்கம்மா. கதவுப் பக்கம் கைய வெக்காதீங்க, மூடப் போறேன்."

"ஏசி கீசி எல்லாம் வெச்சிருக்கான் பாரு" என்று மணியம்மாள் தம்பியிடம் சொன்னாள். விஜயகுமாரியின் கணவன் புகழ்வேந்தன் சென்னையில் வேலை பார்ப்பதால் வரவில்லை. விஜயகுமாரி உறவுக்காரப் பெண்களையும் பையன்களையும் பின்வரிசைகளில் உட்கார வைத்துவிட்டு ரோஸ்லின் பக்கத்து இருக்கைக்கு வந்தாள்.

"பயமா கீதாடி?"

"பிரெஞ்சுக்காரங்ககிட்டகூட இவ்ளோ பயந்தது இல்லக்கா."

வில்லியனூரில் முதலில் நின்றார்கள். கோயில் தேரைப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்து இழுத்த கதையையும், அந்தப் பழக்கம் இன்றைக்கும் தொடர்வதையும் ரோஸ்லின் சொன்னாள். மாதா கோயில் குளத்தருகே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மணியம்மாள் மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். வேன் திருவக்கரைக்குத் திரும்பியது. கல்லாகிப்போன மரங்களைப் பார்த்து ஒரு பையன், "இத வெட்டுனா கோடாலி ஒடியும்" என்றான். "அதனாலதான் இன்னும் கெடக்குது, இல்லன்னா உங்க மாமன் கட்டில் பண்ணிருப்பாரு" என்றாள் ரோஸ்லின். வேன் முழுக்கச் சிரிப்பு. குழந்தைவேலின் உதடும் லேசாக அசைந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த அந்தோணிசாமி கியரை மாற்றினார்.

மயிலத்தைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. ரோடு ஓரத்துக் களங்களில் நெல்லைக் காயக் கொட்டிக் காலால் வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். மணியம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"ஏண்டி ரோசு, உங்க தாத்தன் சாவு சேதி சொன்னான். நீ கோட்டை சேதி சொல்ற. சொல்றது உங்க வம்சத்துலயே கீது."

விஜயகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். ரோஸ்லின் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஆமாங்க ஆயா. ஆனா தாத்தா தெருவுல நின்னுக்கினு சொன்னாரு. நான் உங்களுக்கு முன்னாடி சீட்டு போட்டு உக்காந்துக்கினு சொல்றேன். அடுத்து வர்றது செஞ்சி."

அந்தோணிசாமி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

செஞ்சியில் மூன்று மலைகளும் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. பாறைமேல் பாறை உருட்டிவைத்தாற்போன்ற மலைகள். அவற்றின் மேலே மதில் ஊர்ந்து போகிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் இறங்கியதுமே குரங்குகள் வேனைச் சூழ்ந்தன.

"மேல ஏறுறவங்க கைப்பை, போனு எதுவும் எடுத்துக்காதீங்க. குரங்கு புடுங்கினா திரும்ப வராது. எல்லாத்தையும் ஆயாகிட்ட குடுத்துடுங்க. தண்ணி பாட்டில மட்டும் துணிக்குள்ள மறைச்சி எடுத்துக்கங்க. வழி காட்டணும்ன்றதால என் போன் மட்டும் இடுப்புல இருக்கும்."

முதலில் களஞ்சியத்துக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஜில்லென்றிருந்தது. வளைந்த கூரைக்குக் கீழே நின்று குழந்தைவேல் அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார்.

"இது நெல்லு கொட்டவா கட்டுனாங்க?"

"ஆமா சார். எதிரி வந்து சுத்தி உக்காந்துட்டா வருசக்கணக்கா வெளிய போவ முடியாது. உள்ளயே சாப்புடணும். அதான் இவ்ளோ பெருசு."

குழந்தைவேல் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் ஏறாம கட்டிருக்கான். நம்ம குடோன்ல ஒரு மழைக்கு மூட்டை முளைச்சிடுது."

"இத்தினி நெல்லையும் ஒருத்தன் தூக்கிக்கினு வந்து கொட்டிருப்பான் இல்ல சார். ராசாங்க பேரு எல்லாம் தெரியுது. தூக்கினவங்க பேரு ஒண்ணும் இல்ல."

"தூக்கினவன் பேரு எதுக்குடி?" என்றாள் மணியம்மாள். "தூக்கினா போதாதா?"

"போதாது ஆயா" என்றாள் ரோஸ்லின், சிரித்துக்கொண்டே. பிறகு எல்லோரையும் பார்த்து, "மேல ஏறி எறங்கி வந்ததும் கீழ ஒரு கோயில்ல ஒண்ணு காட்டுறேன். நம்ம பாண்டிச்சேரியில நீங்க எல்லாரும் பாத்ததுதான். ஆனா எங்கேருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப சொல்ல மாட்டேன்" என்றாள்.

இளவட்டங்களும் பெண்களும் விஜயகுமாரியும் அவளோடு ஏறினார்கள். குழந்தைவேலுக்கு முழங்கால் வலி. மணியம்மாளோடு களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார். அந்தோணிசாமி வேனைப் பூட்டிவிட்டு, ஐஸ்பெட்டியிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்துவந்து அவர்களுக்குக் கொடுத்தார். தாம் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

மணியம்மாள் ஒரு மசால்வடையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "இந்தாடா, வெச்சிக்க."

"எனக்குச் சோறு வண்டியில கீதுங்கம்மா."

"எங்க வூட்டு வடைய துன்னா இன்னா கொறைஞ்சா பூடுவ?"

"கொறைய மாட்டேன். பசிக்கல."

அப்போதுதான் குழந்தைவேலின் போன் அடித்தது. அவர் எடுத்தார். "ஆங், சொல்லு" என்றார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எப்போ?" என்றார். போனை மடியில் வைத்தார்.

"இன்னாடா?" என்றாள் மணியம்மாள்.

"மடுகரையில... சம்பந்தி தவறிட்டாராம். மோட்டார் கொட்டாய்ல போயி உக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்."

சுப்பராயலு, விஜயகுமாரியின் அப்பா. மணியம்மாள் தலையில் கைவைத்துக் குரலெடுக்கப் போனாள். குழந்தைவேல் கையைக் காட்டி அடக்கினார். "கத்தாத. பொண்ணு மேல கீது." அண்ணாந்து மலையைப் பார்த்தார். படிகளில் நிறம் நிறமாகப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. எது விஜயகுமாரி என்று தெரியவில்லை.

அவர் திரும்பினார். யோசித்துத் திரும்பியதாகத் தெரியவில்லை. நடுங்கிய மனிதனின் கை பக்கத்துச் சுவரைத் தேடுமே, அப்படித்தான் அவர் வாய் அந்தப் பெயரைத் தேடிப் போனது.

"அந்தோணி, நீ மேல போயி மருமவகிட்ட சேதிய சொல்லிட்டு வாடா."

அந்தோணிசாமி எழுந்து நின்றார்.

"உங்க சம்பந்தி நல்ல மனுசரு சார். எனக்கும் கஷ்டமாத்தான் கீது. மேல போயி அவுங்கள பத்திரமா எறக்கிக்கினு வரச் சொன்னா வர்றேன். வண்டிய இப்பவே எடுக்கச் சொன்னா எடுக்குறேன். சேதி சொல்ல மாட்டேன்."

"இன்னா?"

"சொல்ல மாட்டேன் சார்."

குழந்தைவேலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "ஒரு சாவு வூட்டு நேரத்துல இன்னாடா பேசுற? சொல்றதுக்கு இன்னா?"

"சொல்றதுக்கு இன்னான்னா நீங்களே சொல்லலாமே."

மணியம்மாள் எழுந்தே விட்டாள். "பாத்தியா திமிர! காக்கி போட்டா பழசு எல்லாம் மறந்துடுமா? உங்கப்பன் எங்க வூட்டு நெல்ல துண்டுல வாங்கிக்கினு போனவன்தானடா?"

"மறக்கல. மறக்காததாலதான் சொல்ல மாட்டேன்றேன். எங்கம்மா உங்க கழனியில விழுந்து செத்துச்சி. எங்கப்பா உங்க வூட்டு சாவ சொல்லிக்கினு மழையில நடந்துக்கினு இருந்தாரு. அவருகிட்ட போயி சொல்ல உங்க தெருவுல ஒரு ஆளு இல்ல. நீங்க அப்ப பெரிய மனுசிதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

மணியம்மாள் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைவேல் போனை எடுத்து ரோஸ்லின் எண்ணை அழுத்தினார். அவள் எடுத்ததும், "ரோஸ்லினு, மருமவ பக்கத்துல கீதா? இல்லயா? சரி. அவுங்கப்பா தவறிட்டாரு. நீ பக்குவமா சொல்லிடும்மா" என்றார்.

அந்தோணிசாமி ஓர் அடி முன்னால் வந்தார். அந்தப் போனைப் பிடுங்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மகளின் பதிலுக்காகக் காத்து நின்றார். ஊர் ஊராக வாசலுக்கு எதிரே தெருவில் நின்ற தன் அப்பாவைப் போல அல்ல. தன் வீட்டின் பெரியவராக நின்றார். சொன்ன சொல் மகளின் வாயிலும் நிற்குமா என்பது அவருக்கும் அப்போது தெரியாது.

போனில் காற்றின் இரைச்சல் வெளியிலும் கேட்டது. பிறகு ரோஸ்லினின் குரல்.

"ஐயோ... காலைல கூட அப்பாகிட்ட பேசிக்கினு வந்தாங்களே சார்."

"அதான்மா. நீதான் சொல்லணும். பதவிசா சொல்லு."

மறுபடியும் காற்று.

"சார், நான் அக்காவ கைய புடிச்சி கீழ இட்டுக்கினு வரேன். உங்க மாமா கூப்புடுறாருன்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை என் வாயில வராது. நீங்க சொல்லுங்க."

அவள் போனை வைத்துவிட்டாள்.

குழந்தைவேல் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பனும் பொண்ணும் பேசி வெச்சிக்கினு வந்தீங்களாடா?"

"பேசல சார். வாங்க, ஏறலாம்."

"எனக்கு முட்டி..."

"நான் புடிச்சிக்கிறேன். உங்கள மேல கொண்டு சேக்குறது என் பொறுப்பு. சேதி உங்களுது."

இரண்டு கிழவர்களும் ஏறினார்கள். படிகள் ஒரே அளவில் இல்லை. சில முழங்கால் உயரம். அந்தோணிசாமி கீழ்ப்படியில் நின்று ஒரு கையால் குழந்தைவேலின் முழங்கையைத் தாங்கி மேலே ஏற்றினார். குழந்தைவேலின் பிடி முதலில் அவர் சட்டைக் கையைத்தான் பற்றியது. சட்டை நழுவியது. பிறகு வேறு வழியில்லாமல் மணிக்கட்டைப் பற்றியது. பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. குரங்கு ஒன்று மதிலின் மேல் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னான்னுடா சொல்றது?" மூச்சுக்கு நடுவே குழந்தைவேல் கேட்டார். குரலில் அதிகாரம் இறங்கியிருந்தது. "நான் யாருகிட்டயும் இத சொன்னதே இல்லடா. ஆண்டாளு போனப்போகூட எல்லாரும் போன்ல சொல்லிட்டாங்க. உங்கப்பன் எப்டி சொல்லுவான்?"

அந்தோணிசாமிக்கு அது தெரியும். அப்பா திண்டிவனத்துச் சாலையில் நடந்தபடி தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார் என்றும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

"படிய பாத்து வைங்க சார்."

நடு மலையில் ஒரு பழைய வாசல். மேலே கல் மூடியிருப்பதால் அங்கே நிழல். அதற்குள் அவர்கள் நுழைந்தபோது மறுபக்கத்திலிருந்து ரோஸ்லினும் விஜயகுமாரியும் இறங்கி வந்தார்கள். ரோஸ்லின் விஜயகுமாரியின் கையைக் கோத்துப் பிடித்திருந்தாள். மாமனார் மலையேறி வந்து நிற்பதைப் பார்த்ததுமே விஜயகுமாரி நின்றுவிட்டாள்.

"இன்னா மாமா? நீங்க ஏன் ஏறி வந்தீங்க? அவருக்கு ஏதாச்சும்..."

"புகழுக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவ்வளவுதான் வந்தது. குழந்தைவேல் வாயைத் திறந்தார். மூடினார். அந்தோணிசாமியைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் கமிட்டிக் கூட்டத்தில் மேசையைத் தட்டுகிறவரின் கண்கள் பிச்சை கேட்டன. அந்தோணிசாமி அந்தக் கண்களை நேராகப் பார்த்தபடி நின்றார். அவர் உதடு அசையவில்லை. அது அசையாமல் இருப்பதற்கு அவர் என்ன பாடுபட்டார் என்பது வாசல்கல்லைப் பற்றிய அவர் கையில் தெரிந்தது.

குழந்தைவேல் மருமகள் பக்கம் திரும்பினார். அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை நேராகப் பார்த்து அவர் பேசியதில்லை. இப்போது பார்த்தார்.

"அம்மாடி... உங்கப்பா... நம்மள வுட்டுட்டு பூட்டாரும்மா."

விஜயகுமாரி நின்ற இடத்திலேயே சரிந்தாள். ரோஸ்லின் பிடித்திருந்த கை அவளை முழுவதும் தாங்கவில்லை. குழந்தைவேல் துண்டும் வேட்டியுமாகக் கல்லில் உட்கார்ந்து அவளை மடியில் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அவள் கத்தினாள். அந்தக் கத்தல் வாசலுக்குள் மோதி மலைமேல் போனது. "நான் கீறேன்டா கண்ணு, நான் கீறேன்டா" என்று குழந்தைவேல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தோணிசாமி வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் இறங்கி வரும்வரை அசையவில்லை.

வேன் விழுப்புரம் வழியாக மடுகரைக்குப் பறந்தது. புளிச்சோறு திறக்கப்படாமல் கிடந்தது. மைக் பெட்டிக்குள் போய்விட்டது. விஜயகுமாரி ரோஸ்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு மேலயே தெரியுமாடி?"

"தெரியும்க்கா."

விஜயகுமாரி கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். விழுப்புரம் தாண்டும்வரை திரும்பவில்லை. கரும்பு லாரி ஒன்று எதிரே வந்து வேன் ஓரம் ஒதுங்கியபோது அவள் கை தானாக வந்து ரோஸ்லினின் விரல்களைப் பற்றியது. அதன்பிறகு விடவில்லை.

மடுகரையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி தெருமுனையில் நிறுத்தவில்லை. நேரே ஊர்த்தெருவுக்குள் விட்டு, இழவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். விஜயகுமாரி ஓடினாள். மணியம்மாள் மாரடித்துக்கொண்டே போனாள். கடைசியாகக் குழந்தைவேல் எழுந்தார். கதவருகே நின்று சொன்னார்.

"அந்தோணி, கமிட்டி டூருக்கு நாங்க வேற வண்டி பாத்துக்குறோம்."

"சரிங்க சார். படி உயரமா கீது, பாத்து எறங்குங்க."

குழந்தைவேல் ஒரு காலைப் படியில் வைத்து நின்றார். மலையில் தான் பற்றிய அந்தோணிசாமியின் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து இறங்கிப் போனார்.

அப்பாவும் மகளும் மாலை போட்டு, மரியாதை செய்து, நின்றுவிட்டுக் கிளம்பினார்கள். கரையாம்புத்தூர் தாண்டியது. அறுத்த வயல்களில் மாடுகள் மேய்ந்தன. அந்தோணிசாமி வண்டியை ஓரமாக நிறுத்தித் தக்காளிச் சோற்றைத் திறந்தார். இருவரும் ஆளுக்கொரு கையாக அதே தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டார்கள்.

"பொழப்பு போச்சேன்னு கீதாம்மா?"

"கீது நைனா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"நான் கீழ நிக்குறேன்னுதான் சொல்லாம இருந்தியா?"

ரோஸ்லின் முட்டையை இரண்டாகப் பிட்டுப் பாதியை அவர் பக்கம் வைத்தாள். "இல்ல. நானா கேள்விப்பட்டிருந்தா அக்காவ கட்டிப்புடிச்சி நானே சொல்லிருப்பேன். அவுரு 'சொல்லிடும்மா'ன்னாரு பாரு... அந்த ஒரு வார்த்தைல தாத்தா துண்ட எடுத்து என் இடுப்புல கட்டுன மாதிரி இருந்துச்சி. வாய் வரலை."

அந்தோணிசாமி அந்தப் பாதி முட்டையை எடுத்துக்கொண்டார். "உங்கம்மா திட்டுவா" என்றார்.

"ரெண்டு பேரையும் சேத்துதான் திட்டும்."

பொழுது சாயும் நேரத்தில் ஊர் வந்தது. காலனிக்கு ஏரிக்கரை வழியாகவும் போகலாம், ஊர்த்தெரு வழியாகவும் போகலாம். ஏரிக்கரை சுற்று. இத்தனை வருடமும் வேலை முடிந்து திரும்பும்போது அந்தோணிசாமி சுற்றித்தான் போயிருக்கிறார். இன்றைக்கு ஊர்த்தெருவுக்குள் திருப்பினார்.

"ஆமா, கோயில்ல ஒண்ணு காட்டுறேன்னு சொன்னியே. இன்னா அது?"

"இப்பவா?"

"டூர் முழுசா முடியல இல்ல. நான் ஒருத்தன் கீறேன் கேக்க. ஜன்னல தொற. துக்க நாளு, மைக் வேணாம். உன் கொரலே போதும்."

ரோஸ்லின் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வேன் நிறைய ஆட்கள் இருப்பதுபோலத் தொடங்கினாள். "செஞ்சிக் கோட்டைக்குள்ள வெங்கட்ரமணர் கோயில்னு ஒண்ணு கீது. அதோட கல்தூணுங்க சிலத பிரெஞ்சுக்காரங்க பேத்து எடுத்துக்கினு பாண்டிச்சேரிக்குக் கொண்டாந்துட்டாங்க. இன்னிக்கும் பீச்சுல காந்தி சிலைய சுத்தி நிக்குது பாருங்க, அதான்."

"அட, அதுலதான நான் ராவெல்லாம் டூட்டி பாத்துட்டு வந்து முதுகு சாய்ப்பேன்!"

பெரிய வீட்டை நெருங்கும்போது பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கையைக் காட்டி வேனை நிறுத்தினார். குழந்தைவேலுக்குப் பங்காளி முறை ஆள். சாவுக்கு இன்னும் கிளம்பவில்லை போலிருக்கிறது. ஜன்னலில் கைவைத்துக் கேட்டார்.

"அந்தோணி, மடுகரையிலேருந்துதான வர? இன்னா சேதி? எப்போ எடுக்குறாங்களாம்?"

அந்தோணிசாமி இஞ்சினை அணைக்கவில்லை.

"சேதிய பெரிய வூட்டுக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேளுங்க சார். இந்த வண்டியில கோட்டை கதை மட்டும்தான்."

அந்த ஆள் கையை எடுத்தார். அந்தோணிசாமி முதல் கியரைப் போட்டார். தெரு முழுவதும் அதை மாற்றவில்லை.

"நீ சொல்லும்மா" என்றார். "அந்தத் தூண யாரு தூக்கிக்கினு வந்தாங்க?"